திரைப்பாடலின் இடையிசையில் முனைவர் பட்ட ஆய்வு: இயற்றலா, இசைக் கோட்பாடா, வெகுசனப் பண்பாடா?

காவிரிக்கரை | ஜூன் 3, இரவு 9.12

அனைவருக்கும் வணக்கம். கர்நாடக இசையில் முதுகலை முடித்துவிட்டு முனைவர் பட்ட ஆய்வுக்குப் பதிவு செய்யும் நிலையில் இருக்கிறேன். சிறு வயது முதல் வயலின் வாசித்து வருகிறேன்; மேற்கத்திய ஐந்துகோட்டுக் குறிப்பையும் மெதுவாக வாசிக்கப் பழகியிருக்கிறேன். 1976 இல் 'அன்னக்கிளி' வந்தது முதல் 1992 இல் 'ரோஜா' வந்தது வரையிலான தமிழ்த் திரைப்பாடல்களில் பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே வருகிற இடையிசையை, அதாவது பேச்சில் நாம் இன்டர்லூட் என்று சொல்கிற பகுதியை, ஆராய வேண்டும் என்பது என் விருப்பம். பாடகர் மூச்சு வாங்கும் அந்த இருபது முப்பது விநாடிகளில்தான் வயலின் குழுவும் புல்லாங்குழலும் பேஸ் கிட்டாரும் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. ஒரு பாடலை நாம் நினைவில் வைத்திருக்கும்போது சொல்லை மறந்தாலும் அந்தப் பகுதியை வாயால் முணுமுணுக்கத் தவறுவதில்லை. ஆயினும் நான் இதுவரை வாசித்த ஆய்வேடுகளில் இடையிசைக்கு ஒரு பத்திக்கு மேல் இடம் கிடைத்ததில்லை. பாடலின் ராகத்தைச் சொல்லி, ஆரோகண அவரோகணத்தை எழுதி, அதே ராகத்தில் அமைந்த வேறு பாடல்களை வரிசைப்படுத்துவதோடு பெரும்பாலானவை நின்றுவிடுகின்றன.

என் குழப்பம் துறையைப் பற்றியது. நான் அணுகிய பேராசிரியர் ஒருவர், ராகத்தைத் தலைப்பாக வைத்துக்கொண்டால்தான் வழிகாட்ட முடியும் என்றார். இன்னொருவர், திரையிசை என்பது சமூகவியலுக்கும் ஊடகவியலுக்கும் உரிய பொருள், இசைத்துறையில் அதற்கு இடமில்லை என்றார். மூன்றாமவர், இடையிசை மீது அவ்வளவு ஈடுபாடு இருந்தால் நீயே சில இயற்றிக் காட்டு, அதுவே உண்மையான ஆய்வு என்றார். மூவரும் என் நலனை நினைத்தே சொன்னார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் மூன்றும் மூன்று திசைகள். இது போக, ஆராய வேண்டிய இசைக்கு அச்சிட்ட குறிப்பு எதுவும் கிடைக்கவில்லை. ஒலிப்பதிவு மட்டுமே இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.


வடகடல் | ஜூன் 3, இரவு 11.47

வணக்கம். நான் பிரிட்டனில் இசையியற்றலில் முனைவர் பட்டம் பெற்று, இப்போது முதுகலை மாணவர்களுக்கு வழிகாட்டுகிறவன். உங்களுக்கு மூன்று திசை காட்டிய மூவரும் அறிந்தோ அறியாமலோ ஒரு பழைய வழக்கைத் தொட்டிருக்கிறார்கள். இயற்றலையும் கோட்பாட்டையும் பல்கலைக்கழகம் எப்படிப் பிரிப்பது என்பது எங்கும் எளிதாகத் தீரவில்லை. பிரின்ஸ்டனில் அமெரிக்க இசையமைப்பாளர் மில்டன் பாபிட் 1946 இல், பன்னிரண்டு சுரங்களையும் சமமாக நடத்தி இயற்றும் பன்னிரண்டு சுர முறையைப் பற்றி எழுதிய ஆய்வேடு அப்போது ஏற்கப்படவில்லை. அதே ஏட்டுக்காக அந்தப் பல்கலைக்கழகம் 1992 இல்தான் அவருக்குப் பட்டம் வழங்கியது. இடைப்பட்ட நாற்பத்தாறு ஆண்டுகளில் பெரும்பகுதி அவர் அங்கேயே பேராசிரியராக இருந்து, அந்தக் கோட்பாட்டைக் கொண்டே ஒரு தலைமுறையைப் பயிற்றுவித்தார். ஆய்வு வலுவாக இருந்தும் அதை மதிப்பிட உரிய துறை உருவாகாமல் இருப்பது உங்களுக்கு மட்டும் நேர்ந்ததன்று.

நடைமுறையைச் சொல்கிறேன். இங்கே இயற்றலில் முனைவர் பட்டம் என்றால், நீங்கள் புதிதாக இயற்றிய படைப்புகளின் தொகுப்பு ஒன்றையும், அவற்றை எந்தக் கேள்வியோடு இயற்றினீர்கள் என்பதை விளக்கும் உரை ஒன்றையும் சேர்த்துச் சமர்ப்பிக்க வேண்டும். படைப்புதான் ஆய்வு, உரை அதற்குத் துணை. கோட்பாட்டில் பட்டம் என்றால் பிறருடைய இசை எப்படி இயங்குகிறது என்பதைப் பற்றிய உங்கள் வாதமே ஆய்வு. வெகுசன இசைப் பண்பாட்டில் அந்த இசையை உருவாக்கியவர், கேட்டவர், விற்றவர், பாதுகாத்தவர் எல்லோரும் ஆய்வுக்குள் வந்துவிடுவார்கள். உங்கள் முதல் மடலை மூன்று முறை வாசித்தேன். நீங்கள் இயற்ற விரும்புகிறவராக எனக்குத் தோன்றவில்லை. ஒன்றைக் கேட்டு, அது ஏன் அப்படி ஒலிக்கிறது என்று அறிய விரும்புகிறவராகவே தோன்றுகிறது. அது கோட்பாடு.

இருபது விநாடி இசையைக் கொண்டு ஒரு முழு ஆய்வேடு எழுத முடியுமா என்று யாராவது கேட்டால், முடியும் என்று உறுதியாகச் சொல்லுங்கள். 1979 இல் பிலிப் டாக் என்ற ஆய்வாளர் ஸ்வீடனின் கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்தில் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் முகப்பிசையை மட்டும் எடுத்துக்கொண்டு முனைவர் பட்ட ஆய்வேடு எழுதினார். அந்த முகப்பிசையின் நீளம் 50 விநாடி. வெகுசன இசையைப் பகுத்தாராயும் துறையில் இன்றும் மாணவர்கள் அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

ஆனால் உங்களுக்கு இன்னும் ஒரு கேள்வி இல்லை. ஒரு பொருள் மட்டுமே இருக்கிறது. "1976 முதல் 1992 வரை இடையிசை" என்பது அலமாரியின் பெயர். அதற்குள் எதைத் தேடப் போகிறீர்கள்?


செல்லோக்காரர் | ஜூன் 4, காலை 6.30

அன்புள்ள மகளுக்கு வணக்கம். நான் சென்னையில் எண்பதுகளில் ஒலிப்பதிவுக் கூடங்களில் செல்லோ வாசித்தவன். ஆய்வு முறை எனக்குத் தெரியாது. அந்த இசை எப்படித் தாளுக்கு வந்தது, தாளிலிருந்து எப்படி மறைந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

இசையமைப்பாளர் முழுக் குறிப்பையும் எழுதிக் கொடுத்தாலும் சரி, வாயால் சொல்லி உதவியாளர் எழுதினாலும் சரி, எங்கள் ஸ்டாண்டுக்கு வந்து சேர்வது எங்கள் பார்ட் மட்டுமே. செல்லோவின் தாளில் செல்லோவின் வரி மட்டும் இருக்கும். மற்ற இடங்களில் எத்தனை பார், அதாவது எத்தனை தாள அளவு, சும்மா இருக்க வேண்டும் என்ற எண்ணிக்கை இருக்கும். முழு இசையும் இசையமைப்பாளரின் தாளிலும் கண்டக்டரின் மனத்திலுமே இருந்தது. எங்களில் எவரிடமும் இருந்ததில்லை. ஒத்திகையில்தான் பக்கத்து வரிசையில் என்ன நடக்கிறது என்று காதால் தெரிந்துகொள்வோம். தாளின் தலைப்பில் படக் கம்பெனியின் பெயரும் தேதியும் "ஃபர்ஸ்ட் பி.ஜி.எம்.", "செகண்ட் பி.ஜி.எம்." என்பதும் இருக்கும். பாட்டின் முதல் வரி பெரும்பாலும் இராது. பல நேரங்களில் அது எங்களுக்குப் படம் வெளிவந்த பிறகுதான் தெரியவரும். இன்டர்லூட் என்ற சொல்லைவிட பி.ஜி.எம். என்ற சொல்தான் எங்கள் வாயில் புழங்கியது. பழைய வாத்தியக்காரர்களைப் பார்க்கப் போனால் அந்தச் சொல்லையே சொல்லுங்கள்.

எல்லோரும் ஒரே நேரத்தில் வாசித்துப் பதிவு செய்த காலம் அது. ஒருவர் பிசகினாலும் தொடக்கத்திலிருந்து மீண்டும் டேக் போக வேண்டும். டேக் ஓகே ஆனதும் அடுத்த பாட்டுக்கான தாள் வந்துவிடும். பழைய தாளை யாரும் திருப்பிக் கேட்டதில்லை, சேர்த்துவைத்ததும் இல்லை. அதன் வெற்றுப் பக்கத்தில் வீட்டு மளிகைப் பட்டியல் எழுதியவர்களை எனக்குத் தெரியும். என் இரும்புப் பெட்டியில் முப்பது நாற்பது தாள்கள் தங்கியிருப்பது தற்செயல்தான். நாங்கள் வாசித்த இசைத்தட்டுகள் வெளியானபோது உறையில் எங்கள் பெயர் இருக்கவில்லை. அந்த வருத்தம் எங்கள் எல்லோருக்கும் உண்டு; அதை இங்கே விரிக்க விரும்பவில்லை.

உங்களுக்குப் பயன்படக்கூடிய ஒன்று உண்டு. வயலின் வரிசையில் கர்நாடக முறையில் பயின்றவர்களும் இருந்தார்கள், மேற்கத்திய முறையில் பயின்றவர்களும் இருந்தார்கள். தாளில் ஒரே சுரம் இருக்கும். கர்நாடகக் கை தன்னையறியாமல் அதை மேலிருந்து இழுத்து எடுக்கும். மற்றக் கை நேராகத் தொடும். எங்கே இழுக்கலாம், எங்கே இழுக்கக் கூடாது என்று ஒத்திகையில் சொல்வார்கள். சொன்னது தாளில் எழுதப்படாது. தாள் கிடைத்தாலும் இசை முழுதாகக் கிடைத்துவிடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.


வியாசர்பாடி | ஜூன் 4, பகல் 1.05

செல்லோக்காரர் ஐயாவின் மடல் நெகிழச் செய்தது. ஆயினும் இழை போகும் திசையில் எனக்கு ஒரு மறுப்பு உண்டு. அதை மரியாதையோடு சொல்கிறேன்.

ஐந்துகோட்டுக் குறிப்பில் எழுதத்தக்கது எதுவோ அதைத்தான் நாம் "இயற்றல்" என்று அழைக்கிறோம். அதனால் ஆய்வுக்குத் தகுதியானதாக முதலில் தேர்வாவது வயலின் குழு உள்ள பாடல்தான். எங்கள் பகுதியில் சாவு வீட்டில் விடிய விடியப் பாடப்படும் கானாவில் இடையிசை என்று தனியாக ஒன்றும் இராது. பாடுகிறவர் அடுத்த அடியை நினைத்துக்கொள்ளும் வரை டோலக்கோ, கையருகே கிடைத்த ஒரு பாத்திரமோ தாளத்தைத் தாங்கி நிற்கும். அந்தக் காத்திருப்புக்கும் ஒரு நீளம் உண்டு, ஓர் இலக்கணம் உண்டு. அதே கானா திரைக்குப் போகும்போது அந்தக் காத்திருப்பின் இடத்தில் எழுதப்பட்ட இடையிசை வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதில் என்ன கிடைத்தது, என்ன போனது என்று கேட்கிற ஆய்வு எனக்கு மிகவும் தேவையானதாகத் தோன்றுகிறது.

இன்னொன்று. கேட்டவர்களை விட்டுவிட்டு இடையிசையின் பொருளை எப்படிச் சொல்வீர்கள்? எண்பதுகளில் எங்கள் தெருமுனையில் பாட்டுப் பதிவு செய்து தரும் கடை இருந்தது. வெற்று கேசட்டையும் கையால் எழுதிய பட்டியலையும் கொடுத்துவிட்டு வர வேண்டும். இரண்டு நாளில் பதிவாகி வரும். கேசட்டின் ஒரு பக்கம் முடியும்போது கடைசிப் பாடல் இடையில் அறுபடும். அறுபடுவது இடையிசையில் என்றால் மக்கள் பொறுத்துக்கொண்டார்களா, திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்தார்களா என்று அந்தக் கடைக்காரர்களைக் கேளுங்கள். அவர்கள் பலர் இன்னும் இருக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக மெல்லிசைக் குழுக்களை மறந்துவிட்டீர்கள். கோயில் திருவிழாவிலும் கல்யாண வரவேற்பிலும் முப்பது வயலின் வாசித்த இடையிசையை ஒரே கீபோர்டில் ஒருவர் வாசித்துக் காட்டுகிறார். முப்பது பேர் செய்ததை இரண்டு கையால் செய்ய வேண்டியவர் எதை வைத்துக்கொள்கிறார், எதை விடுகிறார்? அவர் விட்டதைக் கூட்டம் கவனிப்பதில்லை. விடக் கூடாததை விட்டால் முன்வரிசையிலிருந்து குரல் வரும். எது பாட்டின் உயிர், எது அலங்காரம் என்பதற்கு இதைவிட நல்ல சோதனைக்கூடம் எந்தப் பல்கலைக்கழகத்திலும் இல்லை. காதால் கேட்டே சுரப்படுத்திய நோட்டுப் புத்தகங்கள் அவர்களிடம் உண்டு. குறிப்பு எதுவும் கிடைக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் வீட்டில் கேட்டுப் பார்த்தீர்களா?


ஒலிநாடா | ஜூன் 4, மாலை 7.20

ஒலிப்பொறியாளன் என்ற முறையில் சுருக்கமாகச் சில சொற்கள். இணையத்தில் கிடைக்கும் பதிவுகளின் சுருதியை நம்பிச் சுரப்படுத்தாதீர்கள். வேகமாக ஓடிய கேசட்டிலிருந்து எடுத்த பதிவு கால் சுரம், அரைச் சுரம் கூட ஏறியிருக்கும். உரிமைக் கண்காணிப்பிலிருந்து தப்புவதற்காக வேண்டுமென்றே சுருதியை மாற்றி ஏற்றியவையும் உண்டு. கூடியவரை இசைத்தட்டிலிருந்து எடுங்கள்; ஒரே பாடலுக்கு இரண்டு மூலங்களையாவது ஒப்பிடுங்கள். எந்த நேரத்தில் எந்தெந்தச் சுருதி ஒலிக்கிறது என்று காட்டும் அலைவரிசைப் படத்தைப் பார்க்க லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தில் உருவான சோனிக் விஷுவலைசர் இலவசமாகக் கிடைக்கிறது. பாடலைக் குரல், தாளம், பேஸ், மற்றவை என்று பிரித்துத் தரும் மென்பொருள்களும் இப்போது உண்டு. டீசர் நிறுவனம் 2019 இல் வெளியிட்ட ஸ்ப்ளீட்டர் அவற்றில் ஒன்று. உள்வரிகளைக் கேட்க அவை பெரிதும் உதவும். ஆனால் பிரித்துக் கொடுத்த ஒலியைச் சான்றாக எண்ண வேண்டாம். ஒரு கருவியின் மேற்சுரத்தை, அதாவது அடிச்சுரத்தோடு தானாகவே எழும் உயர்ந்த ஒலியை, இன்னொரு கருவி என்று எடுத்து வைத்துவிடும். பிரித்ததில் கேட்டதைப் பிரிக்காத மூலத்தில் மீண்டும் கேட்டு உறுதி செய்யாமல் ஒரு சுரத்தைக்கூட எழுதாதீர்கள்.


மட்டுநகர் | ஜூன் 5, காலை 10.15

மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன். இங்கே அழகியற் கற்கைகள் நிறுவகம் விபுலாநந்த அடிகளின் பெயரையே தாங்கி நிற்பதால், இசையாராய்ச்சி என்றதும் எமக்கு முதலில் நினைவுக்கு வருவது 'யாழ் நூல்'. 1947 இல் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறிய அந்நூலை எழுதியவர் தமிழ்ப் பேராசிரியர்; விஞ்ஞானப் பட்டதாரியும்கூட. சிலப்பதிகாரத்தின் வரிகளையும் அலைவெண் விகிதங்களையும் ஒரே பக்கத்தில் வைத்துக் கணக்குப் பார்க்க அவருக்குத் தடையேதும் தோன்றவில்லை. அதற்கு முப்பது ஆண்டு முன்னர், 1917 இல், 'கருணாமிர்த சாகரம்' வெளியிட்ட தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் சித்த மருத்துவர். தம் சொந்தப் பணத்தில் இசை மாநாடுகளைக் கூட்டி, ஒரு ஸ்தாயிக்கு 22 சுருதி என்ற வழக்கை எதிர்த்து 24 என்று வாதாடியவர். இவ்விருவரும் எந்தத் துறையில் பதிவு செய்வது என்று கேட்டுக்கொண்டு நின்றிருந்தால் எமக்கு இரண்டு நூல்களும் கிடைத்திருக்கமாட்டா.

தங்கை எந்த மொழியில் எழுதப்போகிறார் என்பதை எவரும் கேட்கவில்லை. தமிழில் எழுத வேண்டும் என்பது என் அவா. உணர்ச்சியால் மட்டும் சொல்லவில்லை. தமிழில் எழுதும்போது சில கேள்விகள் தாமாகவே எழும். ஓர் எடுத்துக்காட்டு. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்ற ஏழு நரம்புகளுக்கு, அதாவது சுரங்களுக்கு, இடையிலான உறவை நம் பழைய மரபு இணை, கிளை, பகை, நட்பு என்று நான்காகப் பிரித்தது. ஐந்தாம் நரம்பு கிளை, நாலாம் நரம்பு நட்பு. மூன்றாம் நரம்பையும் ஆறாம் நரம்பையும் பகை என்று சிலப்பதிகார உரைமரபு கூறுகிறது. சில சுரங்களை ஒரே நேரத்தில் ஒலிக்கும் மேற்கத்திய கார்டு என்பதோ மூன்றாம் சுரத்தை நெஞ்சில் வைத்துக் கட்டப்படுவது. பகை என்று பெயரிடப்பட்ட உறவு எந்த வழியாக நம் செவிக்கு இனிமையாயிற்று? ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு இக்கேள்வி எழ வாய்ப்பில்லை; 'கார்டு' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார். அதற்காக எல்லாச் சொல்லையும் புதிதாக ஆக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. கார்டு, பேஸ் போன்றவை வாத்தியக்காரர் வாயில் நிலைத்துவிட்டன. அவை அப்படியே இருக்கட்டும்.


காவிரிக்கரை | ஜூன் 8, இரவு 10.02

எல்லோருக்கும் என் நன்றி. ஐந்து நாள்கள் எழுதாமல் இருந்ததற்குக் காரணம், வடகடல் அண்ணா கேட்ட கேள்விதான். பொருள் இருக்கிறது, கேள்வி இல்லை என்று அவர் சொன்னது சரி. இப்போது கேள்வி ஒன்று கிடைத்திருப்பதாக நினைக்கிறேன். பிழை இருந்தால் திருத்துங்கள்.

கீரவாணியை எடுத்துக்கொண்டேன். ச ரி2 க2 ம1 ப த1 நி3 என்ற 21 ஆவது மேளகர்த்தா, அதாவது தாய் ராகம்; எண்கள் அந்தந்தச் சுரத்தின் வகையைக் குறிக்கும். ராகப் பட்டியல்களில் 1987 இல் வந்த 'ராஜ ராஜ சோழன் நான்' போன்ற பல புகழ்பெற்ற பாடல்கள் இதன் கீழ் வருகின்றன. மேற்கத்திய இசையில் ஹார்மோனிக் மைனர் என்ற சுர வரிசையிலும் இதே ஏழு சுரங்கள்தான். பட்டியலிடுகிறவர்கள் "கீரவாணி என்றால் ஹார்மோனிக் மைனர்" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். சுரங்கள் ஒன்றாக இருப்பதாலேயே இசை ஒன்றாகிவிடாது என்பதிலிருந்துதான் என் கேள்வி பிறக்கிறது. ஹார்மோனிக் மைனரில் நி3 ஒரு கடனைப் போன்றது. மேல் சட்ஜத்தில் போய் அடைத்தால்தான் மனம் அமைதியடையும். அந்த எதிர்பார்ப்பை உண்டாக்குவது அதன் அடியில் ஒலிக்கும் ப நி3 ரி2 என்ற கார்டும், அதன் பின் வருகிற ச க2 ப என்ற கார்டும். கீரவாணியை ராகமாகப் பாடும்போது நி3 அப்படிக் கடன்பட்டு நிற்பதில்லை. ச நி த ப என்று இறங்கும்போது தன் இடத்திலேயே நின்று நிறைவு தரும்.

அதே போல் க2. குரல் அதை அசைத்துப் பாடும். அசைவு மேலேயுள்ள மத்திமத்தை நோக்கிப் போய் வரும். அந்த நேரத்தில் வயலின் குழு அடியில் க2 வை அசைக்காமல் நீட்டினால் உரசும். உரசலைத் தவிர்க்க இயற்றுகிறவர் கார்டிலிருந்து காந்தாரத்தை எடுத்துவிட்டு ச ப மட்டும் வைக்கலாம். குரல் அசையாமல் நிற்கும் இடம் வரை கார்டைத் தள்ளிப்போடலாம். கார்டே இல்லாமல் பேஸை மட்டும் நகர்த்தலாம். பாடுகிறவர் ஓய்ந்திருக்கும் இடையிசையில் இந்தத் தடை இல்லை. ஆகவே ஒரே பாடலில், குரல் இருக்கும்போது ராகமாகவும் குரல் ஓய்ந்ததும் மைனராகவும் நம் காது இடம் மாறுகிறதா? எந்த நிலைமைகளில் மாறுகிறது? இதுவே என் கேள்வி.

முதல் சோதனையாக ஒரு கீரவாணிப் பாடலின் இரண்டாம் பி.ஜி.எம்.மைச் சுரப்படுத்தி முடித்தேன். வேலை நிறைவுறாததால் பாடலின் பெயரை இப்போது குறிப்பிடவில்லை. அதில் புல்லாங்குழல் நி3 இல் நிற்கும் இடத்தில் அடியில் செல்லோக்கள் பஞ்சமத்தை நீட்டுகின்றன. அடுத்து ச க2 ப வருகிறது. அதாவது அச்சு அசலான மைனர் முடிவு. என் ஊகத்துக்கு இது வலுச் சேர்க்கிறது.

வியாசர்பாடி அண்ணாவுக்கு: எங்கள் ஊர் மெல்லிசைக் குழுவின் கீபோர்டு கலைஞர் ஒருவரைச் சந்தித்தேன். அவரிடம் பதினோரு நோட்டுப் புத்தகங்கள் இருக்கின்றன. நீங்கள் சொன்னது முற்றிலும் உண்மை. கானாவைப் பற்றிய உங்கள் மறுப்புக்கு இன்னும் என்னிடம் விடையில்லை.


வடகடல் | ஜூன் 9, அதிகாலை 1.30

இது கேள்விதான். இதை வைத்துப் பதிவு செய்யுங்கள். எம்.ஃபில். இருந்திருந்தால் இந்தச் சுரப்படுத்தலை ஓராண்டு அங்கே பழகிப் பார்த்துவிட்டு வரச் சொல்லியிருப்பேன். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிமுறைகளோடு இந்தியாவில் அந்தப் படி இல்லாமல் போனதால், முதல் ஆண்டிலேயே பத்துப் பாடல்களாவது முழுமையாக எழுதிவிடுங்கள். முறை தவறு என்றால் அப்போதே தெரிந்துவிடும்.

ஆய்வேட்டில் சுரக்குறிப்பை அச்சிட உரிமை வேண்டுமா என்று தனிமடலில் கேட்டிருந்தீர்கள். பலருக்கும் பயன்படும் என்பதால் இங்கேயே சொல்கிறேன். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52 ஆவது பிரிவு ஆய்வுக்கும் விமரிசனத்துக்கும் நியாயமான அளவில் எடுத்தாள இடம் தருகிறது. விவாதிக்கும் பகுதியை மட்டும் எடுத்தாளுங்கள். பாடல் முழுவதையும் எழுதி இணைக்க வேண்டாம். அந்தச் சட்டத்திலேயே உங்கள் முன்னுரைக்கு ஒரு செய்தி இருக்கிறது. 1957 இல் இயற்றப்பட்டபோது, அச்சிலோ எழுத்திலோ குறிப்பாகவோ பதியப்பட்ட மெலடியும் ஹார்மனியும், அல்லது அவற்றில் ஒன்றும்தான் "இசைப்படைப்பு" என்று அது வரையறுத்தது. எழுதாமல் இயற்றியவருக்கும் இசையமைப்பாளர் என்ற தகுதி உண்டு என்று 1994 ஆம் ஆண்டுத் திருத்தம்தான் தெளிவாக்கியது. செல்லோக்காரர் ஐயா சொன்ன தாள்கள் மளிகைப் பட்டியலாகிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், சட்டத்தின் கண்ணுக்கு இசை என்பது தாளில்தான் இருந்தது.


வியாசர்பாடி | ஜூன் 9, காலை 8.45

அந்த வரையறையை வாசித்ததும் என் மறுப்பை இன்னும் கூர்மையாகச் சொல்ல முடிகிறது. 1994 வரை எங்கள் தெருவில் பாடியவர்கள் சட்டத்தின்படி எதையும் இயற்றியிருக்கவில்லை. தங்கையின் கீரவாணிக் கேள்வி நல்ல கேள்வி. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கானாவுக்கு விடையில்லை என்று ஒரு வரியில் முடித்துவிட வேண்டாம். குரல் ஓய்ந்ததும் காது இடம் மாறுகிறதா என்பதுதான் உங்கள் கேள்வி என்றால், குரல் ஓய்ந்தபோது டோலக் மட்டும் ஒலிக்கும் பாட்டில் காது எங்கே போகிறது என்பதும் அதே கேள்விதான். ஓர் இயலாவது அதற்கு வேண்டும். பாடுகிறவர்களிடம் அழைத்துப்போக நான் வருகிறேன்.


செல்லோக்காரர் | ஜூன் 9, இரவு 8.10

மகளே, நீங்கள் எழுதிய அந்தக் கீரவாணி இடத்தின் ஒலித்துண்டைத் தனிமடலில் கேட்டு வாங்கி, இன்று பகல் முழுவதும் கேட்டேன். பாடலை அடையாளம் தெரிந்துகொண்டேன். அந்த அமர்வில் நான் இருந்தேன். தாளும் பெட்டியில் இருக்கிறது. புல்லாங்குழல் நிஷாதத்தில் நிற்கும் இடத்தில் செல்லோக்களுக்கு நான்கு பார் ஓய்வு. நாங்கள் அங்கே வாசிக்கவே இல்லை.


காவிரிக்கரை | ஜூன் 10, இரவு 11.55

ஐயா, உங்கள் மடலைப் பார்த்ததும் முதலில் நம்ப முடியவில்லை. பஞ்சமம் என் காதில் அவ்வளவு தெளிவாக ஒலித்தது. ஒலிநாடா அண்ணா சொன்னபடி பிரிக்காத மூலத்துக்குத் திரும்பி, அலைவரிசைப் படத்தையும் வரைந்து பார்த்தேன். அங்கே ஒலிப்பது பேஸ் கிட்டாரின் சட்ஜம் மட்டுமே. ஒவ்வொரு முறை சட்ஜம் மீட்டப்படும்போதும் அந்தப் பஞ்சமம் அதனோடு எழுந்து அதனோடே தேய்கிறது. சட்ஜத்தைப் போல் மூன்று மடங்கு அலைவெண் கொண்ட அதன் மேற்சுரம் அது. மென்பொருள் அதைத் தனியாகப் பிரித்து எடுத்து எனக்குச் செல்லோவாகக் காட்டியிருக்கிறது. நான் பிரித்த ஒலியிலிருந்து நேரே எழுதிவிட்டேன். சொல்லியும் செய்த பிழை.

ஆகவே அங்கே ப நி3 ரி2 என்ற கார்டே இல்லை. நிஷாதத்தின் அடியில் சட்ஜம் தம்புராவைப் போல அசையாமல் நிற்கிறது, நிஷாதம் கடன்படவில்லை. குரல் ஓய்ந்த பிறகும் அந்த இடத்தில் ராகம்தான் தொடர்கிறது. மைனர் வருவது அடுத்த பாரில், செல்லோக்கள் நுழையும்போது. என் ஊகம் இந்தப் பாடலில் நான் நினைத்த இடத்தில் பொருந்தவில்லை. இடம் மாறுவதைக் குரலின் ஓய்வு தீர்மானிக்கவில்லை, அடியில் யார் வாசிக்கிறார்கள் என்பதே தீர்மானிக்கிறது என்று இப்போது தோன்றுகிறது. கீபோர்டு கலைஞரின் நோட்டைப் பிரித்துப் பார்த்தேன். அவர் அந்த நான்கு பாருக்கு இடக்கையில் "ச" என்று மட்டும் எழுதியிருக்கிறார்.

வியாசர்பாடி அண்ணா, டோலக் மட்டும் ஒலிக்கும் பாட்டில் காது எங்கே போகிறது என்ற கேள்வியை இரண்டாம் இயலாகச் சேர்த்துவிட்டேன். எப்போது வரலாம் என்று சொல்லுங்கள். செல்லோக்காரர் ஐயா, அடுத்த வாரம் சென்னைக்கு வருகிறேன். அந்தப் பெட்டியில் உள்ள ஒவ்வொரு தாளுக்கும் பாடலைக் கண்டுபிடித்து, அன்று எந்த வரிசையில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதையும் உங்களிடம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.


செல்லோக்காரர் | ஜூன் 11, காலை 5.50

வாருங்கள். காலை பத்து மணிக்கு மேல் எந்த நாளானாலும் சரி. பேஸ் கிட்டார் வாசித்த நண்பர் பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறார். அவரையும் வரச் சொல்லிவைக்கிறேன்.